என் 350 சிசி பைக்கும் பாழாய்ப்போன கியர் லீவரும்

2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அன்று முதல், "மச்சி, உன் வண்டி எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்காத நண்பன் இல்லை. பவர், மைலேஜ் எல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பதால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எஞ்சின் தங்கம். என் பேச்சு முழுக்க அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவதைப் பற்றித்தான்.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து பீனியாவுக்கு வேலைக்குப் போகிறவன் நான். காலில் சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு வைத்த அந்த ஷூ, ஷோரூமிலிருந்து வந்த உயரத்தில் கியர் லீவருக்கு அடியில் நுழையவே நுழையாது. செருப்புக்கோ மெல்லிய ஷூவுக்கோ சரியாக இருக்கும். எனக்கோ முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஃபுட்ரெஸ்டிலிருந்து பாதத்தையே தூக்கவேண்டும். கொரகுண்டேபாளையா சிக்னல் பக்கம் மாலையில் வந்து பாருங்கள். ஒன்று, இரண்டு, நியூட்ரல், மறுபடி ஒன்று. வீடு வருவதற்குள் இடது கணுக்கால் விண்விண் என்று தெறிக்கும்.

இதற்கு மருந்து வண்டியிலேயே இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். லீவரையும் கியர் ஷாஃப்டையும் இணைக்கிற ராடுக்கு இரண்டு முனையிலும் லாக் நட் உண்டு. அதில் ஒன்று எதிர்ப்பக்கம் கழலும், முரட்டுத்தனமாகத் திருகிவிடக் கூடாது. இரண்டையும் தளர்த்திவிட்டு ராடைத் திருகினால் லீவர் முனை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இறங்கும். எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ராடின் இரு முனையும் மரைக்குள் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்து இறுக்கவேண்டும், அவ்வளவுதான். ராடு இல்லாமல் லீவர் நேராக ஷாஃப்டில் உட்காரும் வண்டி என்றால் கழற்றி, ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டவேண்டும். அதில் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது, ஒரு பல்லுக்கே லீவர் நிறைய நகர்ந்துவிடும். எனக்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பின் பிரேக் பெடலும் இதே கதைதான், ஆனால் இங்கே கவனம் வேண்டும். பெடல் உயரமாக இருந்தால் பாதம் தன்னை அறியாமல் அதன்மேல் சாய்ந்திருக்கும். பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும், சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். உயரத்தை மாற்றிய கையோடு ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்குமுன் பெடல் சும்மா நகரும் இடைவெளி, இருக்கிறதா, விளக்கு சரியான நேரத்தில் எரிந்து அணைகிறதா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் லீவர் எளிது. கிளாம்பைத் தளர்த்தி, முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும்படி கீழே சாய்த்தால் போதும்.

அப்புறம் சீட்டு. டேங்கை நோக்கிச் சரிகிற சீட்டு இது. பெங்களூரில் ஹம்ப், அதாவது வேகத்தடை, இல்லாத தெரு எது? ஒவ்வொரு ஹம்ப்புக்கும் பிரேக் போட, ஒவ்வொரு முறையும் முன்னால் வழுக்கி டேங்கில் முட்டுவேன். ஃபோம் வேறு பஞ்சு மாதிரி. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரம் ஓடினால் அமுங்கி அடியில் இருக்கும் தட்டில் எலும்பு இடிக்கும். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் ரெக்சினைப் பிரித்து, முன்பக்கம் கெட்டி ஃபோம் வைத்துச் சமமாக்கினேன். முன்பெல்லாம் சேலம் போகும்போது கிருஷ்ணகிரியிலேயே வால் எலும்பு பேச ஆரம்பிக்கும், இப்போது தொப்பூர் வரை வாயைத் திறப்பதில்லை. ஆனால் சிக்னலில் கால் முழுதாகத் தரையில் படுவதில்லை, மழை வந்தால் தையல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. சீட்டு உயர்ந்ததும் கணுக்காலின் கோணமும் மாறிப்போய், லீவரை மறுபடி திருகவேண்டி வந்தது. சீட்டு வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுப் பெடல்கள் பக்கம் போங்கள்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ராடைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்! ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள், அப்புறமும் மாற்றினார்கள். கேட்டால், "சார், கம்பெனி செட்டிங் இதுதான்." அந்தக் கம்பெனியா என் ஷூவைப் போட்டுக்கொண்டு பீனியா போகிறது? மாற்றும் வசதியை வைத்தவனும் நீதான், மாற்றினால் திருப்பி வைக்கிறவனும் நீதான். பாவம் அந்தப் பையன்களைச் சொல்லி என்ன, அவர்களுக்கு நாளுக்கு எத்தனையோ வண்டி. ஆனாலும் மழையில் வீடு வரை பாதத்தைத் தூக்கித் தூக்கிக் கியர் போட்டவனுக்கு அந்த நியாயம் ஏறாது.

வாங்கலாமா என்றால், வேண்டாம். நேற்றுத்தான் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தேன், அதனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படியானால் உன் வண்டியைக் கொடு என்று எவனும் வரவேண்டாம், அதை நான் கொடுப்பதாக இல்லை.