தி டே ஆஃப்டர் டுமாரோ: வெள்ளம் மிரட்டும், உறைபனியை நம்ப முடியாது

ரோலண்ட் எம்மெரிக் இயக்கிய 2004 படம். பருவநிலை திடீரென மாறி ஊர்கள் உறைந்துபோவதுதான் கதை. உருகிய பனியின் நன்னீர் கலந்தால் வட அட்லாண்டிக்கில் உப்பு குறையும். அடர்த்தி குறைந்த நீர் அடியில் இறங்காது, வெப்பத்தைச் சுமந்து வரும் நீரோட்டம் தளரும். இதுவரை அறிவியல் சரிதான். ஆனால் பல பத்தாண்டுகள் பிடிக்கும் மாற்றம் படத்தில் சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

பெரிய ஓட்டை ஹெலிகாப்டர் காட்சியில்தான். மேலடுக்குக் குளிர்காற்று வேகமாக இறங்கி எரிபொருளையே உறைய வைக்கிறது. உண்மையில் இறங்கும் காற்று அழுத்தத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகும். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் அப்படித்தான்.

நியூயார்க் தெருவில் டாக்ஸிகளை வாரிக்கொண்டு வரும் நீர்ச்சுவரைப் பெரிய திரையில் பாருங்கள், மிரட்டுகிறது! நூலகத்தில் புத்தகங்களை எரித்துக் குளிர்காயும் பகுதியில் வேகம் குறைகிறது. ஆனால் மனிதர்கள் தெரிவது அங்கேதான்.