செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்

நேற்று ராத்திரி ஒரு விற்பனைத் தளத்தில் ஒரு லேப்டாப் விளம்பரம் கண்ணில் பட்டது. மூடியின் வலது ஓரத்தில், ஹிஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, நகத்தால் இழுத்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். பதினாறு நாள் எங்கள் வீட்டு மேஜையில் இருந்த மெஷின் அது. எதற்காகத் திருப்பிக் கொடுத்தேன் என்று கடைக்காரருக்கு முழுசாகத் தெரியும், தெரிந்தே மறுபடியும் அதே 22,500 ரூபாய்க்கு, "ஒரிஜினல் விண்டோஸ் 11, கார்ப்பரேட் மெஷின், புதுசு மாதிரி" என்று போட்டிருக்கிறார். அடுத்து வாங்கப் போகிறவரும் என்னைப் போலவே வீட்டுப் பிள்ளைக்காக வாங்குகிறவராகத்தான் இருப்பார், அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா மகள் இந்த வருடம் பி.காம் சேர்ந்தாள். புதுசு வாங்க 45,000 ஆகும் என்றார்கள், கோவை காந்திபுரம் பக்கம் பழைய லேப்டாப் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே போனோம். 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. மேஜைமேல் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தார், டெஸ்க்டாப் பளிச்சென்று இருந்தது, கடை வைஃபையில் யூடியூப் ஓடியது, கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டில் ஒவ்வொரு கீயும் தட்டிப் பார்த்தேன். "லீஸ் முடிஞ்சு வந்த மெஷினுங்ணா, ஐடி கம்பெனில ஏசி ரூம்லயே இருந்தது" என்றார். யுபிஐயில் பணம் அனுப்பினேன். எல்லாம் பார்த்தேன், அணைத்துவிட்டு மறுபடி போட்டு மட்டும் பார்க்கவில்லை. அங்கேதான் மொத்த விஷயமும் இருந்திருக்கிறது.

ரெண்டாம் நாள் ராத்திரி சார்ஜ் முழுசாகத் தீர்ந்து தானாக அணைந்துவிட்டது. காலையில் சார்ஜர் போட்டு ஆன் செய்தால் கறுப்புத் திரையில் தேதியும் நேரமும் சரியில்லை என்று ஒரு வரி. தாண்டிப் போனால் விண்டோஸ் வந்தது, மூலையில் 2018 ஜனவரி 1. வைஃபை கிடைத்தது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று குரோம் சிவப்பாகக் காட்டியது. வெப்சைட் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் இருக்கும், மெஷின் தன்னை 2018இல் இருப்பதாக நினைத்தால் போன மாதம் கொடுத்த சான்றிதழ் அதற்கு "இன்னும் பிறக்காத" சான்றிதழ், அதனால் நம்பாது. மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு காயின் செல் உண்டு, ரெண்டு ஒயர் நீட்டி மேலே உறை போட்டிருக்கும், அது செத்துப் போயிருக்கிறது. இது சின்ன வேலை, செல் மாற்றினால் முடிந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தேதியை நிரந்தரமாக வைக்கலாம் என்று பயாஸ் செட்டப்புக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும், மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போனேன் பாருங்கள், உள்ளே விடவில்லை. நடுத்திரையில் ஒரு பூட்டுப் படம், பக்கத்தில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம். கடைக்குப் போன் செய்தேன்.

"அதுங்களா, பழைய கம்பெனிக்காரங்க போட்டதுங்ணா. அதுக்குள்ள நீங்க எதுக்குப் போறீங்க? டேட்டை விண்டோஸ்லயே மாத்திக்கலாமுங்க."

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு வேறு, பயாஸ் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வேறு. பல பிசினஸ் மாடல்களில் அது மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும், காயின் செல்லைக் கழற்றினாலும் போகாது, தயாரித்த கம்பெனியிடம் போனாலும் சில கம்பெனிகள் போர்டையே மாற்றச் சொல்லும். வீடு வாங்கிய பிறகு சாவி பழைய சொந்தக்காரரிடமே இருக்கிறது என்பது போல.

அப்புறம்தான் மற்றவற்றையும் பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் ஒரு பட்டியல் வரும், அதில் செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரி. எனக்கு ஆஃப் என்று காட்டியது. எப்போதோ யாரோ ஆஃப் செய்து அதற்குமேல் பயாஸுக்குப் பாஸ்வேர்டும் போட்டுவிட்டார்கள், கடைக்காரரே நினைத்தாலும் ஆன் செய்ய முடியாது.

இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்கிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருள், பயாஸ் என்று சொல்வது இதைத்தான். அது எழுந்து டிஸ்கில் உள்ள பூட்லோடரைக் கூப்பிடும், பூட்லோடர் விண்டோஸைக் கூப்பிடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கூப்பிடும் முன் அந்த பூட்லோடரில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று ஃபர்ம்வேர் சரிபார்க்கும், தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கும். ஆஃபில் இருந்தால் யார் வந்து நின்றாலும் கதவைத் திறந்துவிடும். ஆன்டிவைரஸ் எல்லாம் அதற்கு அப்புறம் எழுகிறவை, தனக்கு முன்னால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட ஒன்றை அவை கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். பிளாக்லோட்டஸ் என்று ஒரு தீய மென்பொருளை 2022 அக்டோபரிலிருந்து திருட்டுச் சந்தையில் 5,000 டாலருக்கு விற்றார்கள், 2023 மார்ச்சில் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தார் பிரித்துப் பார்த்து விவரம் வெளியிட்டார்கள். விண்டோஸுக்கு முன்னால் எழுந்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரையும் அணைத்துவிடும் வேலை அது. ஒரு பழைய ஓட்டையைப் பிடித்து, செக்யூர் பூட் ஆனில் இருந்த மெஷினிலேயே நுழைந்தது. ஆனில் இருப்பதற்கே அந்தக் கதி, ஆஃபில் பூட்டி வைத்ததை ஒரு பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது?

"ஒரிஜினல் விண்டோஸ்" கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 180 நாளில் காலாவதியாகும் ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸுக்கான உரிமப் பதிவு. கம்பெனிகள் தங்கள் சர்வர் வழியாகச் செய்யும் முறையை ஏமாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதற்கான புரோகிராம் இருந்த போல்டரை டிஃபெண்டர் ஸ்கேன் செய்யக் கூடாது என்று விலக்குப் பட்டியலில் வேறு சேர்த்திருந்தார்கள். அதற்குள் அக்கா மகள் ஜிமெயில், ஸ்காலர்ஷிப் போர்ட்டல் எல்லாம் திறந்து ஆதார் நகலும் ஏற்றியிருந்தாள். எதுவும் திருடு போனதாகத் தெரியவில்லை, ஆனால் அன்று ராத்திரியே உட்கார்ந்து என் போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

சரி, மொத்தமாக ரீசெட் செய்து சுத்தமாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். செட்டிங்ஸில் ரீசெட், எல்லாவற்றையும் அழி, இணையத்திலிருந்து புதிதாக இறக்கு. ரெண்டு மணி நேரம் ஓடியது. மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது, வைஃபை கேட்டது, கொடுத்தேன். அப்புறம் திரை ஒருமுறை வெள்ளையாகி, நாங்கள் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் லோகோ வந்தது. கீழே, வரவேற்கிறோம், உங்கள் அலுவலக மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள் என்று. பின்னால் போக வழியில்லை. அக்கா மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இது யாரோட லேப்டாப்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு ஆட்டோபைலட் என்று பெயர். கம்பெனிகள் லேப்டாப் வாங்கும்போது அந்த மெஷினின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் தங்கள் பெயரில் பதிந்துவைப்பார்கள். புதிதாக விண்டோஸ் போட்டு முதல்முறை இணையத்தில் சேர்ந்ததும் "நான் யாருடையவன்" என்று மெஷின் கேட்கும், அங்கிருந்து பதில் வரும். ஃபார்மட் செய்தாலும், எஸ்எஸ்டியையே மாற்றினாலும், அந்தப் பதிவு அங்கேயே இருக்கும். முறையாக லீஸ் முடிந்து விற்றிருந்தால் அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள் பதிவை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை என்றால் ஒன்று மறந்திருப்பார்கள், இல்லை திருடு போன மெஷின். ரெண்டில் எது என்று வாங்கியவனுக்குத் தெரிய வழியே இல்லை. போனுக்காவது அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐயை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "நெட்டைக் கட் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்ணா, அது கேக்கவே கேக்காது. நாங்க அப்படித்தான் போடறோம்."

நாங்கள் அப்படித்தான் போடுகிறோம் என்றாரே, எனக்கு அதுதான் ஆறவில்லை. செல் செத்தது தெரியாமல் இருந்திருக்கலாம். இது தெரிந்து செய்தது. யாருடையது என்று மெஷின் கேட்கும் என்று தெரிந்து, கேட்க முடியாதபடி வாயைக் கட்டி விற்றிருக்கிறார்.

பணம் திரும்பக் கேட்டதற்கு முதலில் முடியாது என்றார், எக்ஸ்சேஞ்ச் என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, அந்த எண்ணை வாட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. 18,000 கொடுத்தார், 4,500 "சர்வீஸ் சார்ஜ்" என்று பிடித்துக்கொண்டார். அந்தப் பாக்கிக்கும் ஏமாற்றியதற்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போடலாம். எனக்குக் கொடுத்த பில், பில்லே இல்லை, எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச்சீட்டு, சீரியல் நம்பர் கூட எழுதவில்லை. யுபிஐ ரசீதும் வாட்ஸப் பேச்சும் இருந்ததால் தப்பித்தேன்.

அதனால் வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், டெஸ்க்டாப் ஓடுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஷட் டவுன் செய்யச் சொல்லுங்கள், நீங்களே பவர் பட்டனை அழுத்துங்கள், எஃப்1, எஃப்2, எஃப்10, டெலீட், அந்த மாடலுக்கு எதுவோ அதைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பேச்சே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். கேட்கவில்லை என்றால் செக்யூர் பூட்டை ஆன் செய்து சேமித்து, அதோடு விண்டோஸ் எழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கடையிலேயே ரீசெட் கொடுத்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். ரெண்டு மணி நேரம் ஆகும், டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடைக்காரர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்கே புரியும். எல்லாரும் இப்படி இல்லை, என் நண்பன் வாங்கிய கடையில் அவர்களே முன்னால் உட்காரவைத்து ரீசெட் போட்டுக் காட்டி, சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் கொடுத்தார்கள்.

இதை இப்போது சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, கம்பெனிகள் பழைய மெஷின்களை மொத்தமாகக் கழிக்கின்றன, எல்லாம் இந்தக் கடைகளுக்குத்தான் வரும். செக்யூர் பூட்டுக்கு 2011இல் கொடுத்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன, அதற்குள் புதிய சான்றிதழ் ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் மெஷின் எழும், ஆனால் பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்பு எதுவும் அதற்கு வராது. சில மாடல்களில் இதற்கு பயாஸ் அப்டேட்டும் போட வேண்டியிருக்கும். பூட்டுப் போட்டு சாவி தொலைந்த பயாஸோடு நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோவையில் சமீபத்தில் யாராவது மூடியின் வலது ஓரத்தில் கீறல் உள்ள, 8ஆம் தலைமுறை ஐ5 கறுப்பு லேப்டாப் வாங்கியிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். அந்த லோகோ வந்த திரையின் போட்டோவும் அடியில் உள்ள சீரியல் நம்பரின் போட்டோவும் என்னிடம் இருக்கின்றன, உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அதே மெஷின்தான் என்றால் உங்கள் புகாருக்கும் அவற்றைத் தருகிறேன்.