முந்திரியை நிறுத்தினால் செம்பு இறங்குமா?

தங்கை வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வருஷம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முந்திரி, நிலக்கடலை, எள், சாக்லேட், காளான், நண்டு, ஈரல் என்று ஆரம்பித்து, கொண்டைக்கடலை, உளுந்து, தேங்காய், உருளைக்கிழங்கு என்று இறங்கி, கடைசி வரியில் ‘செம்புத் தண்ணி’ என்று முடியும். முதல் ஏழும் ஆஸ்பத்திரியில் சொன்னவை. மிச்சத்தை எங்கெங்கோ படித்து எங்கள் அம்மா சேர்த்துக்கொண்டே போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தாளுக்கு முன்னால் நின்று என் மருமகன் கேட்டான்: “மாமா, இட்லியே உளுந்துலதான் செய்யறாங்க. தொட்டுக்க தேங்காயும் கூடாது, கடலையும் கூடாது. நான் எதைத்தான் சாப்பிடறது?”

அவனுக்கு வில்சன் நோய். வயது 14. கையெழுத்து கோணுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, எழுதச் சோம்பல் என்று நாங்கள் திட்டினோம். கண் டாக்டர்தான் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பொன்னுமாக ஒரு வளையத்தைப் பார்த்துவிட்டு, கல்லீரலைச் சோதிக்கச் சொன்னார். சாப்பாட்டில் வரும் செம்பில் தேவை போக மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து வெளியே தள்ள வேண்டும். அதற்கான ஏடிபி7பி என்ற மரபணு, அப்பா வழிப் பிரதி, அம்மா வழிப் பிரதி இரண்டிலும் பழுதாகிவிட்டால் செம்பு போக வழியில்லை. முதலில் கல்லீரலில் தேங்கும், அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் ஏறும். 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். தங்கையைக் கட்டியவர் எங்கள் அத்தை மகன்தான்.

கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் சின்னவளையும் சோதித்தார்கள். ஒன்பது வயது, ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை. அவளுக்கும் அதேதான், அறிகுறிதான் இன்னும் வரவில்லை. சைவ சித்தாந்தத்தில், உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, கூடவே பிறந்தது என்பதற்காக. அன்றைக்கு அந்த உவமை எனக்கு வேறு விதமாக உறைத்தது.

இப்படியாக ஒரே வீட்டில் மூன்று வழி வந்து சேர்ந்தது. பெரியவனுக்குப் பெனிசிலமின் என்ற மருந்து, சின்னவளுக்கு ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை, இரண்டு பேருக்கும் சேர்த்து அம்மாவின் பட்டியல். மூன்றில் வீட்டில் அதிகப் பேச்சும் சண்டையும் கண்ணீரும் எதைச் சுற்றி நடந்தது என்றால், பட்டியலைச் சுற்றித்தான். மூன்றிலும் பலவீனமானது அதுதான் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் செம்பு 0.9 மில்லிகிராம். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து வருவது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம். அரிசி, பருப்பு, காய் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் எவ்வளவு கறாராக இருந்தாலும் அதைப் பூஜ்யமாக்க முடியாது. பாதியாகக் குறைத்தால்கூட அந்தப் பாதி தினமும் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வெளியே போகும் வழியோ அடைபட்டிருக்கிறது. ஏற்கெனவே பல வருஷமாகச் சேர்ந்துவிட்டதைச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தொடவே தொடாது.

இன்னொன்று, பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மாட்டு ஈரல் 100 கிராமில் சுமார் 10 மில்லிகிராம் செம்பு, செம்மறி ஈரலில் 7. கோழி ஈரலிலோ அரை மில்லிகிராம்தான். ‘ஈரல்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டால் இந்த இருபது மடங்கு வித்தியாசம் மறைந்துபோகிறது. நண்டு, கணவாய் வகையறாவுக்கு ரத்தமே செம்பை வைத்துத்தான் ஓடுகிறது. நமக்கு ஹீமோகுளோபினில் இரும்பு மாதிரி, அவற்றுக்கு ஹீமோசயனினில் செம்பு. அதனால்தான் அந்த ரத்தம் காற்றுப் பட்டால் நீலமாகிறது. கணவாயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் இருக்கும். சிப்பி அதையும் தாண்டும். இவற்றை ஒதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது. யாரும் தினமும் சாப்பிடுவதில்லை, விட்டாலும் நஷ்டமில்லை.

இட்லிக்கு வருவோம். சட்னியில் ஒருவர் பங்குக்கு 30 கிராம் தேங்காய் போனால் 0.13 மில்லிகிராம். பருப்பு, பயறு வகைகளில் பார்வைக்குச் செம்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அவற்றிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குடல் உறிஞ்சுவது குறைவு. வில்சன் நோய்க்கு சைவச் சாப்பாடே நல்லது என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பிரூவர் சொன்னதற்கு இதுதான் காரணம். எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. பருப்பையும் கடலையையும் நிறுத்தியதில் பையன் ஆறு மாசத்தில் நான்கு கிலோ இளைத்தான். இதில் ஒரு வேடிக்கை: பெனிசிலமின் உடம்பின் பி6 வைட்டமினைக் குறைக்கும், அதனால் பி6 மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். பி6 நிறைய இருக்கும் கொண்டைக்கடலையைத்தான் நாங்கள் முதல் வேலையாகத் தடை செய்திருந்தோம்.

இரண்டாவது வழி ஜிங்க். சாப்பாட்டு வழி வைத்தியம் என்று இதைத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இதுவும் ஒரு சத்துதான். ஒரு சத்தைக் கொடுத்து இன்னொரு சத்தை வாசலிலேயே மடக்குகிற வித்தை. ஜிங்க் கூடுதலாகப் போனால் குடலின் உட்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறையச் செய்கின்றன. அந்தப் புரதத்துக்கு ஜிங்க்கைவிடச் செம்பின்மேல்தான் பிடிப்பு அதிகம். உள்ளே வரும் செம்பை அது பிடித்துக்கொள்கிறது. குடல் செல்கள் சில நாளில் உதிர்பவை, உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. பட்டியலால் முடியாத இன்னொரு காரியத்தையும் இது செய்கிறது. எச்சில், வயிற்றுச் சுரப்பு வழியாக உடம்பிலிருந்தே குடலுக்கு வரும் செம்பு திரும்பவும் உள்ளே போகாமல் தடுக்கிறது. அதனால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது.

அறுபதுகளில் நெதர்லாந்தில் தொடங்கிய வழி இது. பிரூவர் குழு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் ஆராய்ந்தபின் 1997-ல் அமெரிக்காவில் ஜிங்க் அசிடேட்டுக்கு அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்கு வேளைக்கு 50 மில்லிகிராம் ஜிங்க், தினம் மூன்று வேளை. சிறுவர்களுக்கு எடை பார்த்துக் குறைப்பார்கள். பேதிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் 20 மில்லிகிராம் மாத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறை என்னவென்றால் நிதானம். செம்பைக் கட்டுக்குள் கொண்டுவர மாசக்கணக்காகும். கை நடுங்குகிற, கல்லீரல் வீங்கிய ஆளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அறிகுறி வராத சின்னவளைப் போன்றவர்களுக்கும், முதல் கட்டச் சிகிச்சை முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் ஃபைடேட் ஜிங்க்கையும் பிடித்துக்கொள்ளும். அசிடேட் உப்பு சல்பேட்டைவிட வயிற்றுக்குக் கொஞ்சம் சாது.

மூன்றாவது பெனிசிலமின். கின்னியர் வில்சன் இந்த நோயை விவரித்தது 1912-ல். அதற்கப்புறம் நாற்பது வருஷம் கொடுக்க மருந்தே இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆர்சனிக் விஷவாயுவுக்கு முறிவாகச் செய்த ஒரு மருந்தை, மகா வலி தரும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பெனிசிலின் சிதைந்து வரும் பொருளான பெனிசிலமினை வாய்வழியே கொடுத்தார். அது செம்பைக் கவ்விச் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போகிறது. சேர்ந்து கிடப்பதை அள்ளுவதில் ஜிங்க்கும் பட்டியலும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. விலையும் அதற்கு உண்டு. மூளை பாதித்தவர்களில் ஒரு பங்கினருக்கு ஆரம்பத்தில் நடுக்கம் இன்னும் மோசமாகலாம். தோலில் தடிப்பு, சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள் குறைவது என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாங்காதவர்களுக்கு ட்ரையென்டின் என்று மாற்று உண்டு, அது விலை மிக அதிகம். பெனிசிலமினையும் ஜிங்க்கையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

இந்த இரண்டு மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாலை எங்கள் கூடத்திலேயே பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றாக வந்தது. பெரியவனுக்குச் செம்பு 410 மைக்ரோகிராம், சின்னவளுக்கு 52. தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. “இவ்வளவு பத்தியம் இருந்தும் ஏறிக்கிட்டே போகுதே” என்று பையனைப் பார்த்து அழுதாள். டாக்டரிடம் போனால் அவர் சிரித்தார். பெனிசிலமின் எடுப்பவருக்கு 200-லிருந்து 500 வரை வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அது வெளியே போகிற செம்பு. ஜிங்க் எடுப்பவருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, அங்கே உள்ளே மிச்சமிருப்பதன் நிழல்தான் சிறுநீரில் தெரிவது. இரண்டு ரிப்போர்ட்டுமே நல்ல ரிப்போர்ட்.

பட்டியலின் கடைசி வரி, செம்புத் தண்ணீர். பெங்களூரில் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் பேதிக் கிருமிகள் செத்திருந்தன, நீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். அப்படிப் பார்த்தால் இரண்டு லிட்டர் குடித்தாலும் பத்து முந்திரிக்குச் சமம். உடம்பு நன்றாக இருப்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. வில்சன் நோயாளிக்கு மட்டும் அந்தப் பத்து முந்திரி எதற்கு, மண்பானை இருக்கிறது, எவர்சில்வர் இருக்கிறது.

நீர் வேறு, பாலும் புளிப்பும் வேறு. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மோர், புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாறு வைக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பால் விஷயம்தான் தாமதமாகப் புரிந்தது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளின் கல்லீரல் இறுகிச் சாகடித்த ஒரு நோய் இந்தியாவில் இருந்தது. அந்தக் கல்லீரல்களில் செம்பு குவிந்திருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பால் செம்பை இழுத்துக்கொள்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1983-ல் லான்செட் இதழில் எழுதினார்கள், புனேயில் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எவர்சில்வர் பரவப் பரவ அந்த நோய் அநேகமாக மறைந்தே போனது. ஆஸ்திரியாவின் திரோல் மலைக் கிராமங்களிலும் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே மாதிரி இறந்திருக்கிறார்கள், அங்கேயும் பாலும் செம்புப் பாத்திரமும்தான். சாப்பாட்டு மாற்றம் மட்டுமே செம்பு நோயை ஜெயித்தது என்று சொல்ல இந்த ஒரு இடம்தான் இருக்கிறது. அதுவும் சாப்பாட்டை மாற்றியதால் இல்லை, பாத்திரத்தை மாற்றியதால்.

வில்சன் நோயே இல்லாமல் ‘உடம்பில் செம்பு கூடிவிட்டது’ என்று ஜிங்க் வாங்கி விழுங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ரத்தத்தில் செம்பு கூடுதலாகக் காட்டினால் அது உடம்பில் குவிந்ததாக ஆகாது. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, ஏதாவது அழற்சி இருந்தாலே செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் ஏறும், கூடவே செம்பும் ஏறும். வில்சன் நோயில் பெரும்பாலும் அந்தப் புரதம் குறைந்துதான் இருக்கும். முடியை வெட்டி அனுப்பிச் செய்யும் சோதனையை நம்பவே வேண்டாம், ஷாம்பூவும் சாயமும் குளிக்கிற தண்ணீரும் அதில் கலந்திருக்கும். தேவையில்லாமல் மாசக்கணக்கில் ஜிங்க் எடுத்தால் செம்பு பற்றாக்குறையாகி ரத்தசோகை வரும், முதுகுத்தண்டு பாதித்து நடையே தடுமாறும். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த ஜிங்க்கால்கூட இப்படி ஆனவர்கள் உண்டு.

இப்போது ஃபிரிட்ஜில் வேறு தாள். ஆட்டு, மாட்டு ஈரல், நண்டு, கணவாய், சிப்பி, செம்புக் குடம், அப்புறம் செம்பு சேர்த்த சத்து மாத்திரை, இவ்வளவுதான் தடை. முந்திரியும் சாக்லேட்டும் முதல் வருஷம் முழுக்க இல்லாமல் இருந்துவிட்டு, டாக்டரைக் கேட்டுப் பொங்கலில் நாலைந்து என்று திரும்பி வந்தன. தாளின் பெரும்பகுதி மாத்திரை அட்டவணை. மருந்தை நிறுத்தியவர்களில் சிலருக்குச் சில மாசங்களிலேயே கல்லீரல் கைவிட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அம்மா சிவப்பு மசியில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள். காலை ஆறரைக்கு அலாரம் அடிக்கும். ஆளுக்கொரு மாத்திரை, ஒரு மணி நேரத்துக்கு வாயில் வேறொன்றும் போடக் கூடாது. ஏழரைக்குத்தான் அம்மா இட்லிப் பானையைத் திறப்பாள், தேங்காய்ச் சட்னி அதற்குள் அரைத்துத் தாளித்து வைத்திருக்கும்.