இனிப்பு ஒயின் என்று சொல்லிக் கொடுத்தது இனிப்பே இல்லை: வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

கடையில் நான் கேட்டது டொகாய் அசூ என்ற இனிப்பு ஒயின், 5 புட்டோன்யோஷ் (இனிப்பின் அளவைக் காட்டும் ஹங்கேரியக் குறியீடு). கொடுத்தது டொகாய் சமொரொட்னி. இரண்டும் ஹங்கேரியின் அதே வட்டாரத்தில் விளைவது, அதே 500 மி.லி. பாட்டில், பார்வைக்கு அதே பொன்னிறம். லேபிளின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் 'சாராஸ்' என்று ஒரு சொல் இருந்தது. இனிப்பற்றது என்று அர்த்தம். கிளாஸில் ஊற்றினால் வாதுமைப் பருப்பு வாசனை வருகிறது, நாக்கு வறள்கிறது, இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை. விற்றவரைக் கேட்டால், "டொகாய் என்றாலே இனிப்புதான், திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க முடியாது" என்று முடித்துவிட்டார்.

டொகாய் என்பது ஊர்ப்பெயர்தான், இனிப்புக்கு உத்தரவாதம் கிடையாது. பூஞ்சணம் பிடித்து வற்றிய திராட்சைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது அசூ. லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். 6 புட்டோன்யோஷ் என்று போட்டிருந்தால் 150. சமொரொட்னிக்குக் குலையை அப்படியே பறிப்பார்கள். அதில் 'ஏடெஷ்' என்று இருந்தால் இனிப்பு, 'சாராஸ்' என்றால் இல்லை. வெறும் ஃபுர்மிண்ட் என்று திராட்சை வகையின் பெயர் மட்டும் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இனிப்பில்லாததுதான்.

ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்யும் ஜெர்மன் வெள்ளை ஒயினில் இதைவிடப் பெரிய குழப்பம் இருக்கிறது. ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்பவை திராட்சை எவ்வளவு பழுத்தபோது பறித்தார்கள் என்பதைத்தான் சொல்லும். பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை மிஞ்சியிருக்கிறது என்று சொல்லாது. 'ஷ்பேட்லேசே ட்ரோக்கன்' என்பது இனிப்பில்லாத ஒயின், சர்க்கரை அதிகம் போனால் லிட்டருக்கு 9 கிராம். ஆனால் 'ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே' உச்ச இனிப்பு. அங்கே 'ட்ரோக்கன்' குறிப்பது உலர்ந்த திராட்சையை.

மொழி தெரியாவிட்டாலும் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் லிட்டரில் 1% ஆல்கஹால் வரும். ரீஸ்லிங்கில் 7.5 முதல் 9% வரை இருந்தால் நொதித்தலைப் பாதியில் நிறுத்தி இனிப்பை விட்டிருக்கிறார்கள். 12.5% என்றால் சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலாகிவிட்டது. இந்தக் கணக்கை எல்லா ஒயினுக்கும் போடக் கூடாது. பிரான்சின் சொதெர்ன் 13, 14% இருந்தும் நல்ல இனிப்பு, காரணம் அதன் திராட்சைச் சாற்றில் சர்க்கரை அவ்வளவு செறிவு. போர்ட் ஒயினில் நடுவில் ஸ்பிரிட் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதால் 20% வாக்கில் இருக்கும்.

அதிகம் ஏமாறுவது ஐஸ் ஒயினில். திராட்சை கொடியிலேயே உறைய வேண்டும். ஜெர்மனியில் -7 டிகிரி, கனடாவில் -8 டிகிரி அல்லது அதற்கும் கீழே. உறைந்தபடியே பிழியும்போது தண்ணீர் பனிக்கட்டியாக நின்றுவிட, கெட்டியான சாறு மட்டும் சொட்டும். பறித்த பழத்தை ஃபிரீசரில் வைத்துச் செய்ததையும் இதே பெயரை ஒட்டிய சொற்களில் விற்கிறார்கள். கனடா பாட்டிலில் 'விக்யூஏ' (VQA) என்ற தரச் சான்று முத்திரையைத் தேடுங்கள். இன்னொரு சோதனை: ஜெர்மனியில் 2019 அறுவடைக்குப் போதிய குளிர் வராமல் ஐஸ் ஒயின் அறுவடையே பொய்த்துவிட்டது. அந்த ஆண்டு போட்ட ஜெர்மன் 'ஐஸ்வைன்' யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

இனிப்பைக் காட்டி ஏமாற்றுவது புதிதல்ல. 1985-ல் ஆஸ்திரியாவில், தாமத அறுவடை ஒயின் போல இனிப்பும் கனமும் தெரிய வேண்டும் என்று சாதாரண ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருளைக் கலந்தது அம்பலமாகி, அந்த நாட்டு ஒயின் சட்டமே கடுமையாக மாறியது. இப்போது நடப்பது அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனாலும் வெறும் சர்க்கரையும் வாசனையும் சேர்த்த 'ஒயின் சார்ந்த பானம்' ஒயின் அலமாரியிலேயே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரானவற்றுக்குச் சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் கட்டாயம். பெரும்பாலும் கியூஆர் கோடில் இருக்கும். 100 மி.லி.க்கான சர்க்கரையைப் பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும். 45-க்கு மேல் இருந்தால்தான் இனிப்பு ஒயின் என்று நம்பி வாங்கலாம். இனிப்பு மட்டும் ஏறி, ஈடு கொடுக்கப் புளிப்பு இல்லையென்றால் இரண்டாவது வாயிலேயே திகட்டும்.

நுரைக்கும் ஒயினில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் 12 முதல் 17 கிராம்தான். இனிப்பு வேண்டுமென்றால் 'டெமி செக்' (32 முதல் 50) அல்லது 'டூ' (50-க்கு மேல்) கேளுங்கள். மொஸ்காட்டோ தஸ்தி என்ற இத்தாலிய இனிப்பு ஒயினை 'பழசு, அதனால் உசத்தி' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அதன் பூ வாசனை ஓரிரு ஆண்டில் போய்விடும்.

பாட்டிலையும் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து உறைக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ, கார்க் விளிம்புக்கு மேலே துருத்தியிருந்தாலோ வெயில் பட்டிருக்கிறது. புது வருடத்து ஒயின் பழுப்பாக இருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. நுரையே இருக்கக் கூடாத ஒயினில் குமிழியும் கலங்கலும் தெரிந்தால் மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கிறது. அடியில் கண்ணாடித் தூள் போல் மின்னும் படிகம் மட்டும் குறையல்ல. அது திராட்சையின் டார்டாரிக் அமிலத்தில் இருந்து வரும் உப்பு.

வாங்கும்போதே இனிப்பு அளவை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திறந்து ஒரு வாய் பார்த்ததும் தவறு தெரிந்தால் மீதியைக் குடிக்காமல் கார்க்கை மூடி, முக்கால் பாட்டிலுக்கு மேல் இருக்கும்போதே அன்றைக்கே கொண்டு போய்க் கொடுங்கள்.