ஜென்டில் ஜயன்ட், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர்: எது ஒழுங்காகப் பிரிந்தது?

எழுபதுகளின் இங்கிலாந்து ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை) என்றால் நம்மில் பலருக்கும் பிங்க் ஃபிளாய்ட், யெஸ், ஜெனிசிஸோடு கதை முடிந்துவிடும். அதே காலத்தில் உள்ளூரில் பெரிதாக விற்காமல் இத்தாலியில் கொண்டாடப்பட்ட குழுக்கள் இவை இரண்டும். எது உசத்தி என்ற சண்டை ரசிகர்களுக்குள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஜென்டில் ஜயன்ட்டைத் தொடங்கியவர்கள் போர்ட்ஸ்மவுத்தில் வளர்ந்த ஷுல்மன் சகோதரர்கள் மூவர். 1967-இல் வேறு பெயரில் ஒரு பாப் ஹிட் கொடுத்து, அந்தப் பாட்டையே வெறுத்து, 1970-இல் புதிதாக ஆரம்பித்தார்கள். ராயல் அகாடமியில் இசையமைப்பு படித்த கெர்ரி மினியர் சேர்ந்ததும் ஆட்டமே மாறியது. ‘ஆன் ரிஃப்ளெக்ஷன்’ (1975) பாட்டைக் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு குரல். அதே மெட்டை இரண்டாவது குரல் பிடிக்கும்போது முதல் குரல் வேறு பக்கம் போய்விடும். அப்புறம் மூன்றாவது, நான்காவது. வாத்தியமே இல்லாமல் நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பாடியும் குழப்பம் வராது. மேடையிலும் ஆளுக்கு மூன்று நான்கு வாத்தியம் மாற்றுவார்கள். ராக் கச்சேரியில் ரெக்கார்டர் குழல் வாசித்த கூட்டம்!

வான் டெர் கிராஃப் இதற்கு நேர் எதிர். 1967-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த குழு. பீட்டர் ஹேமில் பாடுவதைவிட அலறுவதே அதிகம் என்று சொல்லலாம். டேவிட் ஜாக்சன் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். பேஸ் கிட்டார்காரர் விலகியதும், ஹ்யூ பான்டன் ஆர்கனின் கால்பெடலிலேயே அந்த வேலையையும் பார்த்தார். ‘பான் ஹார்ட்ஸ்’ (1971) ஆல்பம் இத்தாலியில் முதலிடம் பிடித்தது, இங்கிலாந்து கண்டுகொள்ளவில்லை. ஓயாத பயணம், கையில் காசில்லை. 1972-இல் கலைந்தார்கள். 1975-இல் திரும்பி வந்து வேகமாகச் சில ஆல்பங்கள் போட்டுவிட்டு 1978-இல் மறுபடி கலைந்தார்கள்.

பிரிந்த விதத்தில் வான் டெர் கிராஃப்தான் என் கட்சி. இரண்டு முறையும் தங்கள் பாணியை விற்காமலே உடைந்தார்கள். அதனால்தான், ப்ராக் என்றாலே பங்க் கூட்டம் (எளிமையும் ஆவேசமுமான ராக் பாணிக்காரர்கள்) முகம் சுளித்த 1977-இல், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் லண்டன் வானொலியில் ஹேமில்லின் தனிப்பாடல்களைப் போட முடிந்தது. 2005-இல் மீண்டும் கூடியபோதும் கூட்டம் வந்தது.

ஜென்டில் ஜயன்ட்டின் முடிவு சற்றுப் பரிதாபம். மூத்தவர் ஃபில் 1973-இல் விலகியும் தாக்குப்பிடித்தார்கள். 1975-இல் ‘ஃப்ரீ ஹேண்ட்’ ஆல்பம் அமெரிக்காவில் முதல் ஐம்பதுக்குள் வந்தது. அந்த ருசிதான் கெடுத்தது என்பேன். பிறகு வானொலிக்கு ஏற்ற சின்னப் பாட்டுகளைத் துரத்தினார்கள். பழைய ரசிகர்கள் விலகினார்கள், புதியவர்கள் வரவில்லை. 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் கடைசிக் கச்சேரி. டெரெக் ஷுல்மன் ரெக்கார்டு கம்பெனி அதிகாரியாகி பான் ஜோவி என்ற ராக் குழுவை ஒப்பந்தம் செய்தார். ஹிட் எதுவென்ற கணக்கு அவருக்கு அங்கேதான் கைகூடியது.

சரி, இசையை மட்டும் பார்த்தால்? நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஜென்டில் ஜயன்ட்டைத்தான். வான் டெர் கிராஃபுக்கு அதற்கேற்ற மனநிலை வேண்டும். காலை காபியோடு ‘பான் ஹார்ட்ஸ்’ ஒத்துவராது. புதிதாகக் கேட்பவர்கள் ஜென்டில் ஜயன்ட்டின் ‘ஃப்ரீ ஹேண்ட்’, பிறகு ‘ஆக்டபஸ்’, அதன்பின் வான் டெர் கிராஃபின் ‘காட்பிளஃப்’ என்று போகலாம். ஜென்டில் ஜயன்ட்டின் பிற்கால ‘ஜயன்ட் ஃபார் எ டே’ பக்கம் தலைவைக்க வேண்டாம்.