"விதையில வளர்த்த ஒரிஜினல் வெல்தி ஆப்பிள்"னு விளம்பரம் பார்த்தா வாங்காதீங்க

மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் வீடு வாங்கி தோட்டம் போடுற நம்மாளுங்க கவனத்துக்கு. பனி உருக ஆரம்பிச்சாலே ஒரு ஆன்லைன் நர்சரி விளம்பரம் வரும், குளிர் தாங்குற பழைய ரகம், விதையில வளர்த்த ஒரிஜினல் வெல்தின்னு. எழுபது டாலர் குடுத்து வாங்கி, முயல் கடிக்காம வலை கட்டி, வருஷக்கணக்கா காத்திருந்து காய் பார்த்தப்புறம் சொல்றேன், அது வெல்தியே கிடையாது.

வெல்தி செப்டம்பர்லயே பழுத்துடும். மஞ்சப்பச்சை தோல் மேல சிவப்பு கோடு கோடா ஓடும், வெள்ளை சதையில அங்கங்க லேசா ரோஸ் இருக்கும், புளிப்பா நல்லா சாறு வரும், ஆப்பிள் பை (pie) பண்ணவும் சூப்பர். நமக்கு காய்ச்சது அக்டோபர் கடைசியிலயும் பச்சையா கல்லாட்டம் இருக்கு, கடிச்சா ஒரே துவர்ப்பு. பக்கத்து வீட்டம்மா வீட்டுல பழைய வெல்தி மரம் இருக்கு, ஃப்ரிட்ஜ்லேந்து அவங்க பழம் ஒண்ணு எடுத்து ரெண்டையும் வெட்டி வச்சாங்க, அதுக்கு மேல பேச என்ன இருக்கு? அப்புறம் வந்து மரத்தோட அடித்தண்டை தடவிப் பார்த்துட்டு, ஒட்டு போட்ட இடத்துல இருக்க வேண்டிய புடைப்பே காணோமேன்னாங்க. நேரா வழவழன்னு இருக்கு.

நாட்டுத் தக்காளின்னா விதை போட்டா அதே தக்காளி வரும். ஆப்பிள் அப்படி இல்லைங்க, ஒவ்வொரு விதையும் வேற வேற மரம். வெல்தியே அப்படி வந்ததுதான், மினசோட்டாவுல எக்செல்சியர் ஊர்ல பீட்டர் கிடியன்னு ஒருத்தர் வருஷக்கணக்கா நட்டதெல்லாம் குளிர்ல செத்துப்போயி, மெயின் (Maine) மாநிலத்துலேந்து வாங்குன விதையில ஒண்ணு தப்பிச்சு நின்னுது, அதுக்கு பொண்டாட்டி பேரையே வச்சு 1868ல வெளிய விட்டாரு. அந்த ஒரே மரத்துலேந்து ஒட்டு மேல ஒட்டா வந்தாத்தான் வெல்தி.

கடைக்காரனுக்கு மெயில் போட்டா முதல்ல மண்ணு மாறுனா பழம் மாறும்னான். ஒட்டு எங்கன்னு போட்டோவோட கேட்டதும் கியாரண்டி ஒரு வருஷம்தான் சார்னு முடிச்சிட்டான். ஆப்பிள் எங்கேந்து ஒரு வருஷத்துல காய்க்கும், கணக்கு போட்டுத்தான் வச்சிருக்கான்!

ஏற்கனவே ஆர்டர் போட்டவங்க எந்த வேர்ச்செடி (அடியில வேரோட இருக்கிற செடி) மேல ஒட்டு போட்டதுன்னு ஒரு வரி கேளுங்க. பதில் வரலைன்னா பார்சல் கிளம்புறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடுங்க, அப்புறம் ரீஃபண்ட் கிடைக்காது.