பணித்தளத்துப் பிள்ளைக்குப் பார்சல்: அஞ்சல் துறையின் இ.எம்.எஸ். சேவை எப்படி?

பிள்ளையை வெளிநாட்டுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு, "இங்கேயிருந்து எதையாவது அனுப்பணுமே" என்று தவிக்கிற வீடுகள் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரச் சேகரங்களிலும் (சபை வட்டாரங்களிலும்) நிறைய உண்டு. இது அவர்களுக்காக எழுதுவது. பாளையங்கோட்டை, திருநெல்வேலி தலைமை அஞ்சலகங்களில் பதிவு செய்யும் இ.எம்.எஸ்., அதாவது வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட், மிஷனரிகளாகப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிழக்கு ஆப்பிரிக்கா, பப்புவா நியூ கினி பக்கம் இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. இங்கிலாந்து, ஐரோப்பா என்றாலும் நல்ல சேவைதான், ஆனால் பெட்டிக்குள் வைக்கும் பொருளில் கவனம் தப்பினால் பார்சல் சுங்கத்தைத் தாண்டாது. சான்றிதழ், விசாக் காகிதம் போன்ற அவசரங்களுக்குத் தனியார் கூரியரே மேல்.

ஏன் அப்படி என்று புரிய, இளம் மிஷனரியின் வாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஞாயிறு முழுக்க ஆராதனை, ஞாயிறு பள்ளி, தூரத்துச் சபைக்குப் பயணம். அதனால் பெரும்பாலும் திங்கள்தான் ஓய்வு. துணி துவைப்பது, கடைக்குப் போவது, ஜெபக் கடிதம் (ஊழியச் சேதியும் ஜெபத் தேவையும் சொல்லி ஊருக்கு அனுப்புவது) எழுதுவது எல்லாம் அன்றைக்கே. செவ்வாய் முதல் காலையில் மொழி வகுப்பு, மாலையில் வீடு சந்திப்பு. வெள்ளி உபவாச ஜெபம், சனி பிள்ளைகளுக்கான பாடத் தயாரிப்பு. பகலில் வீட்டில் ஆள் இருக்காது. கூரியர்காரர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் பெட்டி கிட்டங்கிக்குப் போய்விடும், பிறகு வந்த வழியே ஊருக்குத் திரும்பும்.

அஞ்சல் வழியின் பலம் இங்கேதான். கென்யா, டான்சானியா போன்ற நாடுகளில் வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வரும் வழக்கம் குறைவு. சபைக்கோ நிறுவனத்துக்கோ ஒரு தபால் பெட்டி எண் இருக்கும், அதுதான் விலாசம். தனியார் கூரியர்கள் பொதுவாகத் தபால் பெட்டி விலாசத்தை ஏற்பதில்லை. அஞ்சலில் போனது அந்த ஊர் அஞ்சலகத்தில் காத்திருக்கும், பிள்ளை திங்கட்கிழமை போய் வாங்கிக்கொள்ளலாம். தபால் பெட்டி எண்ணோடு நாட்டுக் குறியீட்டுடன் கைபேசி எண்ணையும் எழுதியே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் பெட்டி வந்த சேதியே அவர்களுக்குத் தெரியாது.

கட்டணத்தை 250 கிராம் படிகளாகக் கணக்கிடுவார்கள். 2,000 கிராமோடு நிற்க வேண்டிய பெட்டி 2,010 ஆனால் அடுத்த படிக்கான காசைக் கொடுக்க வேண்டும். ஆகவே காலி அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து வீட்டுத் தராசிலேயே நிறுத்துவிட்டுப் போங்கள். கூரியர்கள் பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குத்தான் பில். 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் மூன்று கிலோ முறுக்கு வைத்தால் ஆறு கிலோவுக்குக் காசு. 2 கிலோவுக்குள் அடங்கும் சின்னப் பெட்டி என்றால், சர்வதேச டிராக்டு பாக்கெட் சேவையையும் கவுண்டரில் கேளுங்கள். எல்லா நாட்டுக்கும் இல்லை, இருக்கிற நாட்டுக்குக் கட்டணம் குறைவு.

பெரும்பாலான பார்சல்கள் சிக்குவது சுங்கப் படிவத்தில்தான். "உள்ள என்னம்மா இருக்கு?" என்று கவுண்டரில் கேட்டால், "திங்கிற சாமான்தான் சார்" என்பதே வழக்கமான பதில். அது போதாது. சி.என். 23 படிவத்தில் ஒவ்வொரு பொருளையும் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுத வேண்டும்: பருப்புப் பொடி, 2 பாக்கெட், 500 கிராம், இத்தனை ரூபாய் என்று. இந்த விவரம் கணினி வழியாகப் பெட்டிக்கு முன்பே அந்த நாட்டுச் சுங்கத்துக்குப் போய்விடுகிறது. 'உணவுப் பொருள்' என்று ஒற்றை வரியில் எழுதிய பெட்டியைத்தான் அங்கே திறந்து பார்க்கத் தோன்றும். பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு, ஆதார் நகலோடு காலையில் போங்கள். பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோய், பார்த்து முடித்த பிறகு அங்கேயே ஒட்டுங்கள். டேப்பும் கத்திரியும் கையில் இருக்கட்டும்.

அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்தால் வரியே வராது என்று நினைக்க வேண்டாம். தனிநபர் அன்பளிப்புக்கு வரிவிலக்கு இங்கிலாந்தில் 39 பவுண்டு வரை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை. அதைத் தாண்டினால் வரியும் கையாளும் கட்டணமும் பெறுபவர் தலையில் விழும். மாதப் படியில் காலம் தள்ளும் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. மதிப்பைக் குறைத்துப் பொய் எழுதவும் வேண்டாம், பொருளைக் குறையுங்கள்.

இனி உள்ளே என்ன வைப்பது? நம் ஊரில் முதலில் கை போவது அல்வாவுக்குத்தான். ஆனால் நம் அல்வாவின் உயிரே நெய். வெளிநாட்டிலிருந்து தனிநபர் பார்சலில் வரும் பால் பொருளையும் இறைச்சியையும் இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் தடுக்கின்றன. நெய் அல்வா அந்த வலையில் மாட்ட வாய்ப்பு அதிகம். அதற்கு மாற்றும் நம் பக்கமே இருக்கிறது: முதலூர் மஸ்கோத் அல்வா. மைதாப் பாலையும் தேங்காய்ப் பாலையும் சீனியோடு கிண்டி முந்திரி போடுவார்கள். நெய் சேர்க்காததுதானா என்று கடையில் கேட்டு, சேர்மானம் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். 1799 இல் திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களின் முதல் குடியிருப்பாக உருவான ஊரின் பண்டம் மிஷனரிக்குப் போவது தனி மகிழ்ச்சி. கோவில்பட்டி கடலைமிட்டாயிலும் பால் பிரச்சினை கிடையாது, உடையாது, பைபிள் பையில் போட்டுக்கொண்டு வீடு சந்திப்புக்குப் போகலாம்.

வார நாளில் சமைக்க நேரம் இல்லாததால் மிக உதவுவது பொடிதான். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. வறுத்தது நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும், அரைத்ததையும் விரித்து ஆறவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபிடிக்கும், வழியிலேயே பூஞ்சை வரும். 250 கிராம் பாக்கெட்டுகளாக வேக்குவம் பேக்கிங் செய்தால், ஒன்றைப் பிரித்தாலும் மற்றவை கெடாது. ஊறுகாயைக் கூடுமானவரை தவிருங்கள். எண்ணெய் கசிந்து விலாசச்சீட்டு அழிந்தால் பெட்டி அனாதையாகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் டப்பாவில் கழுத்து வரை நிரப்பாமல், மூடிக்கு அடியில் ஒரு தாள் கொடுத்து, இரண்டு ஜிப் கவருக்குள் வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் வேண்டவே வேண்டாம், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கறார். சிங்கப்பூருக்கும் துபாய்ப் பக்கமும் கசகசா போகக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், குருமா மசாலாவில் அரைத்துச் சேர்ந்திருந்தாலும் வம்புதான். பவர் பேங்க், சென்ட் பாட்டில் விமானத் தபாலில் ஏறாது.

என்ன அனுப்புவது என்று தெரியாவிட்டால் அவர்களுடைய ஜெபக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசியுங்கள். "மூன்று வாரமாக விடாத மழை, துணி காயவில்லை" என்று எழுதியிருந்தால் முறுக்கு நமத்துப்போகும், கருப்பட்டி இளகும் என்று அர்த்தம். "பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கு முப்பது பேர் வருகிறார்கள்" என்றால் ஸ்டிக்கர், கிரேயான் கேட்கத் தயங்குகிறார்கள். மொழி இன்னும் வாயில் வரவில்லை என்ற வரி தொடர்ந்து வந்தால் தனிமை கூடுகிறது என்று புரிந்துகொண்டு, கையால் எழுதிய கடிதம் ஒன்று வையுங்கள். இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸும், 1901 இல் டோனாவூருக்கு வந்து கடைசிவரை சொந்த நாட்டுக்குத் திரும்பாத அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேலும் கப்பல் தபாலை எதிர்பார்த்திருந்தவர்கள். 1903 இல், பின்னாளில் பேராயரான அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஆட்களை அனுப்பிய நாள் முதல், காத்திருப்பது நம் வீடுகளின் முறையாயிற்று.

ஊழியத்துக்குக் கட்டுப்பாடுள்ள நாடு என்றால் விலாசத்தில் பெயர் மட்டும் போதும், 'மிஷனரி', 'பாஸ்டர்' வேண்டாம். நேபாளத்தில் மதம் மாற்றுவது 2018 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. அங்கே கைப்பிரதியும் பாட்டுப் புத்தகமும் பெட்டியில் போகக் கூடாது, கடிதத்திலும் வார்த்தைகளை அளந்து எழுதுங்கள்.

ரசீதில் பதின்மூன்று இலக்க எண் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண், கடைசியில் ஐ.என். பெட்டி சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தைத் தாண்டியதும் சில நாள் ஒரு தகவலும் வராது. பதற வேண்டாம், விமானத்திலும் அந்த நாட்டுச் சுங்கத்திலும் இருக்கும் காலம் அது. அதன் பிறகு அதே எண்ணை அந்த நாட்டு அஞ்சல் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்தால் சேதி முந்திக் கிடைக்கும். எண்ணைப் பிள்ளைக்கு அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு என்றால் நவம்பர் முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். டிசம்பரில் எல்லா நாட்டுச் சுங்கத்திலும் பெட்டிகள் குவிந்துகிடக்கும், பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆச்சரியமில்லை.